பழியின் பெயரில் ஒரு வேற்றுமை

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்கு வேலைக்குச் செல்லக் காத்திருந்த செவிலியர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, எங்கும் போகிற உத்தேசம் இல்லாமல், மொழியின் மீதுள்ள ஆசைக்காக மட்டும் வந்து உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். மூன்றாவது வாரத்தில் ஆசிரியை பலகையில் ‘அக்குஸாட்டிவ்’ என்று எழுதி, இதைத்தான் ஆங்கிலத்தில் ‘அக்யூசேட்டிவ் கேஸ்’ என்கிறோம் என்றார். பக்கத்தில் இருந்த நாகர்கோவில் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “அக்யூஸ்ட்டுன்னா குத்தம் செஞ்சவன்லா சார்? இது என்ன, போலீஸ் கேஸா?”

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. பலகையில் இருந்த எடுத்துக்காட்டு வாக்கியம், ‘நான் ஆப்பிளைச் சாப்பிடுகிறேன்’ என்பது. அதில் ஆப்பிளின் மேல் யார் என்ன குற்றம் சாட்டினார்கள்? பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்த நாளிலிருந்து இந்தச் சொல்லை நூறு முறையாவது சொல்லியிருப்பேன். ஒரு முறைகூட எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததில்லை. செயப்படுபொருளைக் காட்டும் வேற்றுமைக்கு, குற்றம் சாட்டுவதற்குரிய வேற்றுமை என்று பொருள்படும் பெயர் ஏன் வந்தது என்பதைத் தேடிப் படித்த கதைதான் இந்தப் பதிவு. தேடல் தொல்காப்பியத்தில் போய் நிற்கும் என்று தொடங்கும்போது நான் நினைக்கவில்லை.

முதலில் ‘கேஸ்’ என்பதையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது தனிக் கதை. ஆங்கிலத்தில் இந்த ஒலிப்புடன் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. ஒன்று பெட்டி, லத்தீன் ‘காப்சா’விலிருந்து வந்தது, நம் சூட்கேஸும் பிரீஃப்கேஸும் அந்த வழியில் பிறந்தவை. மற்றொன்று வழக்கு, நேர்வு, நிலைமை, நோயாளி என்று பல பொருள்களில் வருவது. இது லத்தீன் ‘காசுஸ்’ என்ற சொல்லின் பிள்ளை. ‘காசுஸ்’ என்றால் விழுதல். விழு என்று பொருள்படும் ‘கதெரே’ என்ற வினையடியிலிருந்து பிறந்த பெயர் அது. விழுதல் எப்படி நேர்தல் ஆயிற்று என்று தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. நாமும் தாயம் விழுந்தது என்கிறோம், சீட்டு விழுந்தது என்கிறோம், லாட்டரி விழுந்தது என்கிறோம். நூற்றுக்கு எவ்வளவு விழுகிறது என்பதை விழுக்காடு என்றே எழுதுகிறோம். தற்செயலாக நேர்வது எதுவோ அது மேலிருந்து விழுவதாகத்தான் இரு மொழிக்காரர்களும் எண்ணியிருக்கிறார்கள். அலுவலகத்தில் எடுக்கும் கேஷுவல் லீவும், விபத்தில் அடிபட்டவரை முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கேஷுவால்டியும், நீதிமன்றத்தில் வாய்தா வாங்கும் கேஸும், இலக்கண நூலில் வரும் கேஸும் ஒரே வேரில் கிளைத்தவை. (நம் காவல் நிலையங்களில் புழங்கும் ‘பெட்டி கேஸ்’ என்பதில் உள்ள பெட்டி, சிறு குற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் என்றாலும், கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சூட்கேஸ் குடும்பம்தான் நினைவுக்கு வருகிறது.)

லத்தீன்காரர்கள் இந்த விழுதலைத் தாங்களாக இலக்கணத்துக்குக் கொண்டுவரவில்லை. கிரேக்கர்கள் ‘ப்தோசிஸ்’ என்று சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தார்கள். ‘ப்தோசிஸ்’ என்றாலும் விழுதல்தான். இமை தளர்ந்து கண்ணின் மேல் சரிந்து விழுவதைக் கண் மருத்துவர்கள் இன்றும் அந்தப் பெயரால்தான் குறிக்கிறார்கள், ஆங்கில வழக்குப்படி ‘டோசிஸ்’ என்று ஒலித்து. அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லைப் பெயர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை. ஃபிலோன் என்பது பெயர். ஃபிலோனுடைய, ஃபிலோனுக்கு என்பவை பெயர்கள் அல்ல, பெயரின் வீழ்ச்சிகள் என்றார். அதே மூச்சில், வினைச்சொல்லின் இறந்தகால, எதிர்கால வடிவங்களையும் வினையின் வீழ்ச்சிகள் என்றார். மூல வடிவம் ஒன்று நேராக நிற்கிறது, மற்றவை அதிலிருந்து சரிந்தவை என்பதே அவர் மனத்தில் இருந்த படம். அவருக்குப் பின் வந்த ஸ்தோயிக் மெய்யியலார் அந்தச் சொல்லைச் சுருக்கி, பெயர்ச்சொல்லின் வேற்றுமைகளுக்கு மட்டும் உரியதாக்கினார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரிசிப்பஸ் எழுதிய நூல்களின் பட்டியலில் ‘ஐந்து வேற்றுமைகளைப் பற்றி’ என்றொரு தலைப்பு இருக்கிறது. நூல் அழிந்துபோயிற்று, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஐந்து என்று எண்ணியதில்தான் சிக்கல் வந்தது. கிரேக்கத்தில் சரிந்த வேற்றுமைகளோடு எழுவாயையும் சேர்த்தால்தான் ஐந்து வரும். அரிஸ்டாட்டில் வழிவந்தவர்கள் கேட்டார்கள்: எழுவாய்தான் நேராக நிற்பது என்று நீங்களே சொல்கிறீர்கள், அதற்கு ‘நிமிர்ந்தது’ என்றே பெயரும் வைத்திருக்கிறீர்கள், நிமிர்ந்து நிற்பதை எப்படி விழுந்தது என்பீர்கள்? ஸ்தோயிக்குகள் சொன்ன விடையை அலெக்சாந்திரியாவில் பாடம் நடத்திய அம்மோனியஸ் என்ற உரைகாரர் பதிவு செய்திருக்கிறார். எழுவாயும் விழுந்ததுதான், அது மனத்தில் உள்ள கருத்திலிருந்து விழுகிறது. எழுத்தாணி ஒன்றை மேலிருந்து நழுவவிட்டால் அது தரையில் செங்குத்தாகக் குத்தி நிற்பது போல, விழுந்தும் நிமிர்ந்தே நிற்கிறது என்றார்கள். வாதமாகப் பார்த்தால் இது வழுக்கல்தான். ஆனால் அந்த எழுத்தாணியை என்னால் மறக்க முடியவில்லை.

இதைப் படித்தபோது எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. அலமாரியிலிருந்து தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் சேனாவரையர் உரையை எடுத்துப் பார்த்தேன். பெயரின் பொருளைச் செயப்படுபொருள் முதலியனவாக வேறுபடுத்திக் காட்டுவதால் வேற்றுமை என்ற பெயர் வந்தது என்கிறார் அவர். அப்படியானால் உருபே ஏற்காமல், எதையும் வேறுபடுத்தாமல் நிற்கும் எழுவாய் எப்படி வேற்றுமையாகும்? செயப்படுபொருள் முதலியவற்றிலிருந்து தன்னை வேறுபடுத்திக்கொண்டு, பொருளை மட்டும் உணர்த்துவதால் அதுவும் வேற்றுமைதான் என்று விடையும் சொல்கிறார். ஒருவர் விழுதல் என்ற உருவகத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மற்றவர் வேறுபடுதல் என்ற விளக்கத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இருவரும் மாட்டிக்கொண்ட இடம் ஒன்றே. ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பே இல்லை. சிக்கல் பொருளிலேயே இருக்கிறது.

ஆங்கில இலக்கணத்தில் ‘டிக்ளென்ஷன்’ என்பதும், ‘ஆப்லீக்’ என்பதும் இந்தச் சரிவுப் படத்தின் மிச்சங்கள்தான். முன்னது விலகிச் சாய்தல், பின்னது சாய்வானது. வேறு சொல்லின் மேல் சாய்ந்துகொள்ளும் ஒட்டுச்சொல்லை ‘கிளிட்டிக்’ என்பதும் அப்படியே. பழைய கிரேக்கரின் கண்ணுக்கு இலக்கணம் முழுவதும் நிற்பதும் சாய்வதும் விழுவதுமாகத் தெரிந்திருக்கிறது. சிலர் இந்த விழுதல் சூதாட்டக் காயிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள்: ஒரே காய், எந்தப் பக்கமாக விழுகிறதோ அந்த மதிப்பு. தாயக்கட்டை உருட்டிய கைகளுக்கு இது பிடிக்கக்கூடிய விளக்கம். ஆனால் ‘நிமிர்ந்தது’, ‘சாய்ந்தது’ என்ற பெயர்களோடு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பதால் நான் எழுத்தாணியின் பக்கம்தான் நிற்கிறேன்.

இனி அந்தக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோனீசியஸ் த்ராக்ஸ் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணச் சிறுநூல் ஐந்து வேற்றுமைகளுக்கும் பெயர் தருகிறது. அவற்றில் செயப்படுபொருள் வேற்றுமையின் பெயர் ‘ஐத்தியாத்திகே’. இதன் அடியில் இருப்பது ‘ஐத்தியா’ என்ற சொல். ஐத்தியா என்றால் காரணம். அதே ஐத்தியா என்றால் பழி, குற்றச்சாட்டு என்றும் பொருள். அதிலிருந்து வந்த ஒரு வினைக்குக் குற்றம் சாட்டு என்பதே வழக்கமான பொருள்; அதிலிருந்தே வந்த ‘ஐத்தியாத்தோன்’ என்ற சொல்லுக்கோ, மெய்யியல் நூல்களில், ஒரு காரணத்தால் விளைந்தது, அதாவது காரியம், என்று பொருள்.

காரணமும் பழியும் ஒரே சொல்லில் எப்படி அடங்கும் என்று ஆங்கிலேயர் ஒருவர் வியக்கலாம். நாம் வியக்க முடியாது. “எல்லாத்துக்கும் நீதான் காரணம்” என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அது தத்துவ விசாரம் இல்லை என்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். “காரணம் சொல்லாதே” என்றால் சாக்குச் சொல்லாதே என்று பொருள். கிரேக்கச் சொல்லின் இரு முகங்களும் நம் காரணத்தில் அப்படியே இருக்கின்றன. கிரேக்கச் சொல்லைத் தமிழில் மொழிபெயர்க்கும் பொறுப்பு யாருக்காவது அன்று வந்திருந்தால், ‘காரண வேற்றுமை’ என்று எழுதிவிட்டு இரண்டு பொருளுக்கும் இடம் வைத்துத் தப்பித்திருப்பார்.

லத்தீனில் மொழிபெயர்த்தவருக்கு அந்த வசதி கிட்டவில்லை என்பதைவிட, அவர் அதைத் தேடவில்லை என்பதே சரி. மார்க்கஸ் வர்ரோ கி.மு. 116 முதல் 27 வரை வாழ்ந்த ரோமானியப் பேரறிஞர்; லத்தீன் மொழியைப் பற்றி 25 பகுதிகளில் ஒரு பெருநூல் எழுதினார்; அவற்றில் ஐந்து முதல் பத்து வரையான ஆறு பகுதிகளே இன்று கிடைக்கின்றன. அவற்றில் அவர் வேற்றுமைகளை ‘கொடுக்கும் வேற்றுமை’, ‘அழைக்கும் வேற்றுமை’ என்று வினையால் பெயரிட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்த வரிசையில் இதற்கு அவர் வைத்த பெயர் ‘குற்றம் சாட்டும் வேற்றுமை’. ஐத்தியாவின் இரண்டு பொருள்களில் பழி என்பதை அவர் எடுத்துக்கொண்டார். பின்னர் அது ‘அக்குசாத்திவுஸ்’ என்று உருத்திரண்டு, கி.பி. முதல் நூற்றாண்டில் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் கையில் சாதாரணக் கலைச்சொல்லாகப் புழங்கியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இப்போது நம் பள்ளிப் பாடப்புத்தகங்களிலும் ஏறியிருக்கிறது.

இது பிழை என்று அழுத்தமாக வாதிட்டவர்களில் முக்கியமானவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மெய்யியலாளர் ட்ரெண்டலென்பர்க். கிரேக்கர்கள் எண்ணியது ‘ஐத்தியாத்தோனை’. அதாவது, வினையால் விளைவது எதுவோ அதன் வேற்றுமை. ஆகவே அது ‘காரியப்படுவதன் வேற்றுமை’ என்றே பெயர் பெற்றிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இன்றைய அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு பழைய மொழிபெயர்ப்புப் பிழை என்று வர்ரோவைக் கூண்டில் ஏற்றுகின்றன. குற்றச்சாட்டுக்கு உரிய வேற்றுமையைப் பற்றிப் பேசப் போய், பெயர் வைத்தவர் மீதே குற்றச்சாட்டு.

எனக்கு வர்ரோவின் மேல் கொஞ்சம் பரிவு உண்டு. அவர் ஒவ்வொரு வேற்றுமைக்கும் ஒரு மாதிரி வினையைப் பெயராக்குகிறார்: கொடு என்ற வினை நான்காம் வேற்றுமையைக் கேட்கும், கூப்பிடு என்பது விளியைக் கேட்கும், அப்படி, குற்றம் சாட்டு என்பது செயப்படுபொருளைக் கேட்கும். கிரேக்கர்களே அந்த வினையை மாதிரியாகக் கருதித்தான் பெயர் வைத்தார்கள், வர்ரோ சரியாகவே மொழிபெயர்த்தார் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். கி.பி. 500 வாக்கில் கான்ஸ்டான்டினோபிளில் லத்தீன் கற்பித்த பிரிஸ்கியன், 18 பகுதிகள் கொண்ட தம் இலக்கணத்தில், இந்த வேற்றுமைக்கு ‘அக்குசாத்திவுஸ்’ என்றும் ‘கௌசாத்திவுஸ்’ என்றும் இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். பின்னது ‘கௌசா’ என்ற சொல்லின் வழி வந்தது. அதற்குக் காரணம் என்றும் பொருள், நீதிமன்ற வழக்கு என்றும் பொருள். ஆக, மொழிபெயர்ப்பில் தொலைந்த இரட்டைப் பொருளைத் திரும்பக் கொண்டுவரக்கூடிய சொல் ஒன்று லத்தீனிலேயே இருந்தது. கிரேக்க மொழி பேசிய ஊரில் இருந்தவருக்கு அது கையில் அகப்பட்டது. மாணவர்களோ முதல் பெயரையே பிடித்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் தொல்காப்பியத்தின் வேற்றுமையியலை மறுபடி திறந்தேன். ‘ஐ’ என்ற உருபை ஏற்கும் இரண்டாம் வேற்றுமை என்னென்ன பொருளில் வரும் என்று ஒரு நீண்ட நூற்பா பட்டியலிடுகிறது. ‘காப்பின் ஒப்பின் ஊர்தியின் இழையின், ஓப்பின் புகழின் பழியின் என்றா’ என்று அது தொடங்கும். ஊரைக் காத்தான், தந்தையை ஒத்தான், குதிரையை ஊர்ந்தான், எயிலை இழைத்தான், கிளியை ஓப்பினாள், ஊரைப் புகழ்ந்தான், நாட்டைப் பழித்தான். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நூற்பா முழுவதிலும் 28 பொருள்கள் வருகின்றன, பழி ஏழாவது. ட்ரெண்டலென்பர்க் கேட்ட ஆக்கல் 22ஆவது. ‘அன்ன பிறவும்’ என்று இறுதியில் கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது நூற்பா. பழியையும் ஆக்கலையும் பிடித்துக்கொண்டு ஐரோப்பிய அறிஞர்கள் நடத்திய வழக்கில் இரு தரப்பும் முன்வைத்த பொருள்கள், காதலுக்கும் வெகுளிக்கும் அஞ்சலுக்கும் சிதைப்புக்கும் நடுவே, இந்தப் பட்டியலில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. எது பெயருக்குரியது என்ற கேள்வியே இங்கு எழவில்லை, ஏனென்றால் பெயர் ‘ஐ’ தான். தொல்காப்பியம் வேற்றுமைகளை எண்ணும்போது, ‘பெயர் ஐ ஒடு கு, இன் அது கண் விளி’ என்று முதலுக்கும் கடைசிக்கும் மட்டும் சொல் வைத்து, இடையில் உள்ள ஆறுக்கும் உருபையே பெயராக்கிவிடுகிறது.

பிற்காலத்தில் நன்னூல் இந்த 28ஐ ஆறாகச் சுருக்கியது: ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை. ஆக்கல் முதலில் வந்து நிற்கிறது. குடத்தை வனைந்தான் என்பதில் குடம், வனைவதற்கு முன் இல்லை, வினையால்தான் உண்டாகிறது. கிரேக்கரின் ‘காரியப்படுவது’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. பழித்தலுக்கு நன்னூலாரின் ஆறில் தனி இடம் இல்லை, பட்டியலின் இறுதியில் ‘முதலியன’ என்ற பொருளில் வரும் ‘ஆதி’ என்ற சொல்லுக்குள் அடங்கிக்கொள்ள வேண்டியதுதான். பவணந்தியார் பட்டியலைச் சுருக்கியதில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. கிளியை ஓட்டுவதும் மனைவியைக் காதலிப்பதும் பாம்பைக் கண்டு நடுங்குவதும் இருந்த நூற்பாவுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. சூத்திரத்துக்கு எண்ணிக்கை குறைந்தால் நல்லது என்பது வேறு விஷயம்.

நான்காம் வேற்றுமையிலும் சுவையான ஒரு வேறுபாடு இருக்கிறது. கிரேக்கரும் ரோமானியரும் அதைக் கொடுத்தலால் பெயரிட்டார்கள். ஆங்கிலத்தின் ‘டேட்டிவ்’ அதுவே. ரோமானியர் கடிதத்தில், இன்ன நாளில் கொடுக்கப்பட்டது என்று குறிப்பதிலிருந்து வந்த ‘டேட்’டும், கொடுக்கப்பட்டவை என்று பொருள்படும் ‘டேட்டா’வும் அதற்கு உடன்பிறப்புகள். தொல்காப்பியமோ, ‘எப்பொருள் ஆயினும் கொள்ளும் அதுவே’ என்கிறது. அங்கே கொடுப்பவன் பக்கத்திலிருந்து பார்வை. இங்கே கொள்பவன் பக்கத்திலிருந்து. உருபு ஒட்டுவது கொள்பவனுக்குத்தான் என்பதால் நம் பார்வையே துல்லியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. தியோனீசியஸ் நூல் இதற்கு இன்னொரு பெயரும் தருகிறது: ‘கடிதம் அனுப்பும் வேற்றுமை’. இன்னாருக்கு என்று கடிதத்தின் தலைப்பில் எழுதுகிறோமே, அந்தக் ‘கு’. பெயர் நிலைக்காமல் போனது பாவம்.

நம் ஆறாம் வேற்றுமைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜெனிட்டிவ்’ என்ற பெயரும் வர்ரோவைப் போலவே மாட்டிக்கொண்ட ஒன்று. கிரேக்கத்தில் அது இனத்தை, வகையைக் காட்டுவது என்ற பொருளில் இருக்க, லத்தீனில் பிறப்பைக் காட்டுவதாக ஆயிற்று. நீங்கலைக் காட்டும் ‘அப்லேட்டிவ்’ கதை அதைவிடச் சிறியது. கிரேக்கத்தில் அப்படி ஒரு வேற்றுமை இல்லாததால் மொழிபெயர்க்க மூலம் இல்லை. வர்ரோ அதை ஆறாவது என்றும், லத்தீனுக்கே உரியது என்றும் குறிப்பிட்டார். எடுத்துச் செல்லப்பட்டது என்று பொருள்படும் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

பழியின் பெயர் எங்கெல்லாம் பரவியது என்று பார்ப்பதில் ஒரு வாரம் போயிற்று. ரஷ்ய மொழியில் வேற்றுமைக்கே ‘பதேஷ்’ என்று விழுதலிலிருந்து வந்த பெயர். இந்த வேற்றுமையின் பெயர் ‘வினீத்தெல்னி’. அதில் உள்ள ‘வினா’ என்ற சொல்லுக்கு இன்றைய ரஷ்யனில் குற்றம் என்று பொருள். பழைய தேவாலய ஸ்லாவிய மொழியிலோ அதற்குக் காரணம் என்ற பொருளும் இருந்தது. அங்கே கிரேக்கத்தின் இரட்டைப் பொருள் முழுதாகவே வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு மொழி மாறியதில் பழி மட்டும் மிஞ்சியது. ஜெர்மானியர்கள் வேற்றுமையைத் தங்கள் சொல்லிலேயே ‘ஃபால்’ என்கிறார்கள். விழுதலும் அதுதான், நீதிமன்ற வழக்கும் அதுதான். செயப்படுபொருள் வேற்றுமைக்கு எண்ணால் ‘நான்காம் ஃபால்’ என்றொரு பெயரும் உண்டு. பிரிஸ்கியன் அதை நான்காவதாக வைத்த பழைய வரிசை அது. நமக்கு இரண்டாவது, அவர்களுக்கு நான்காவது. அவர்களுக்கு மூன்றாவதாக இருப்பது நமக்கு நான்காவது. வகுப்பில் நான் எண்ணைச் சொல்லிக் குழம்பியதும் குழப்பியதும் இதனால்தான்.

ஆங்கிலத்தின் கதை எல்லாவற்றிலும் வேடிக்கையானது. கி.பி. 1000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆல்ஃப்ரிக் என்ற இங்கிலாந்துத் துறவி, மடத்தில் படித்த சிறுவர்களுக்காக லத்தீன் இலக்கணத்தைப் பழைய ஆங்கிலத்தில் எழுதினார். கலைச்சொற்களையெல்லாம் தம் மொழியில் ஆக்கிக் கொடுத்தார். ‘காசுஸ்’ என்பதை வளைவு என்று பொருள்படும் சொல்லால் விளக்கினார். ‘அக்குசாத்திவுஸ்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் குற்றம் சாட்டு என்ற வினையை வைத்து ‘வ்ரேயெந்த்லிச்’ என்று எழுதினார். தனித்தமிழ்க் கலைச்சொல் குழுவில் உட்கார்ந்தவர்கள் ஆல்ஃப்ரிக்கைப் படித்தால் தங்கள் மூதாதையரில் ஒருவரைக் கண்டதாக மகிழ்வார்கள். ஆனால் அவருடைய சொற்கள் பிழைக்கவில்லை. நார்மன் படையெடுப்புக்குப் பிறகு பிரெஞ்சும் லத்தீனும் வந்து மூடியதில் அவை போயின. லத்தீன் பெயரே திரும்ப வந்தது.

அப்படித் திரும்ப வந்தபோது, பெயருக்குரிய பொருள் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. ஆல்ஃப்ரிக்கின் ஆங்கிலத்தில் ‘அவனை’ என்பதற்கு ‘ஹினே’ என்றும், ‘அவனுக்கு’ என்பதற்கு ‘ஹிம்’ என்றும் தனித்தனி வடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் ‘ஹிம்’ இரண்டு வேலையையும் பார்க்கத் தொடங்க, ‘ஹினே’ வழக்கொழிந்தது. ‘யாரை’ என்பதற்கு இலக்கணக்காரர்கள் வற்புறுத்தும் ‘ஹூம்’ என்பதும் பழைய ‘யாருக்கு’ தான். ‘தெம்’ என்பது வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்த ‘அவர்களுக்கு’. ஆக, இன்றைய ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் அக்யூசேட்டிவ் உருபே இல்லை. ‘அவனை’ என்றும் ‘அவர்களை’ என்றும் சொல்ல அது வைத்திருக்கும் பதிலிப்பெயர் வடிவங்களோ பிறப்பால் டேட்டிவ். அந்த மொழியின் பாடநூலிலிருந்துதான் நாம் அக்யூசேட்டிவ் என்ற பெயரைக் கற்றுக்கொண்டு, உருபு முழுதாக உயிரோடிருக்கும் நம் ‘ஐ’க்கு அதைச் சூட்டியிருக்கிறோம்.

அல்லது, சூட்டியவர்கள் நாமல்ல என்று சொல்ல வேண்டும். தமிழ் இலக்கணத்தை ஐரோப்பியருக்காக லத்தீனில் எழுதியவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். சீகன்பால்கின் நூல் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சானது; பெஸ்கி என்ற வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. படிப்பவருக்கு லத்தீன் தெரியும், தமிழ் தெரியாது என்பதால் லத்தீன் பெயர்களைப் பயன்படுத்தியதில் தவறும் இல்லை. 1856இல் கால்டுவெல் வந்தபோது வேறொரு குறை சொன்னார்: எட்டு வேற்றுமை என்று தமிழ் இலக்கணக்காரர்கள் எண்ணுவது வடமொழியைப் பார்த்துச் செய்தது, திராவிட மொழிகளில் பெயருக்குப் பின் வந்து ஒட்டும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு வேற்றுமையாகக் கொள்ளலாமே என்றார். மீது, மேல், இடம், பற்றி, கொண்டு என்று எடுத்துக்கொண்டே போகலாம். நம்மவர்கள் அவற்றைச் சொல்லுருபு என்று தனிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

அந்த ‘மீது’தான் கடைசியில் வகுப்பில் வந்து சேர்ந்தது. ஆறாவது மாதம், மொழிபெயர்ப்புப் பயிற்சி. ஆசிரியை, ஏதோ ஒரு செய்தித்தாளிலிருந்து எடுத்தது போன்ற சில தமிழ் வாக்கியங்களைக் கொடுத்து ஜெர்மனில் எழுதச் சொன்னார். அவற்றில் ஒன்று: ‘அவன் மீது குற்றம் சாட்டினார்கள்.’ எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தமிழில் குற்றம் சாட்டும்போது, குற்றம் சாட்டப்பட்டவன் பெரும்பாலும் ‘ஐ’ ஏற்பதில்லை. நாட்டைப் பழிக்கலாம், அவனைக் குறைகூறலாம். ஆனால் குற்றம் சாட்டுவது என்று வந்துவிட்டால் அவன் மீது சாட்டுவதே வழக்கம். செயப்படுபொருளின் இடத்தில் இருப்பது குற்றம். அதுவும் உருபு தொக்கி நிற்கிறது. வர்ரோ தமிழராக இருந்திருந்தால் இந்த வினையை மாதிரியாக எடுத்திருக்க மாட்டார்.

நாகர்கோவில் பெண் தன் தாளை என் பக்கம் நகர்த்திக் காட்டினாள். ‘மீது’ என்பதற்கு ஒரு முன்னிடைச்சொல்லைப் போட்டு, அதற்குப் பின் ‘ஈம்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அந்த முன்னிடைச்சொல்லை அடித்துவிட்டு, ‘ஈம்’ என்பதை ‘ஈன்’ என்று சிவப்பு மையால் திருத்தியிருந்தார்.

“இங்கிலீஷ்ல ஹிம்னுதான சார் வரும், அதான் ஈம்னு போட்டேன்” என்றாள்.

ஆங்கிலத்தில் தொலைந்துபோன ‘ஹினே’வின் இடத்தில் நிற்பதுதான் அந்த ‘ஈன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆசிரியை அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.